முகம் ஞாபகம் நிற்காத ஒருவர்

வெள்ளவத்தையில் மழை இல்லாத நாட்களிலும் குடை பிடித்துக்கொண்டு நடக்கும் ஆண்கள் அதிகம் இல்லை. நான் ஒருவன். கொழும்பின் பெருந்தெருவான காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு குறிப்பிட்ட ஒழுங்கைக்குள் நுழையும்போது, குடையை விரித்து முகத்துக்கு முன்னால் சாய்த்துப் பிடித்துக்கொள்வேன். வெயிலுக்காக என்று நினைப்பவர்களை நான் திருத்துவதில்லை. உண்மையில் அது காகங்களுக்காக. அந்த ஒழுங்கையின் காகங்களுக்கு என் முகம் தெரியும். கண்டுவிட்டால் மின்கம்பியிலிருந்து ஒன்று கத்தத் தொடங்கும். மாமரத்திலிருந்து இரண்டு வந்து சேரும். நான் கடற்கரை வீதியை அடைவதற்குள் ஒரு சிறிய ஊர்வலமே என் தலைக்கு மேலே வரும். சமூகத்துக்குப் பயன்பட வேண்டும் என்று படித்த ஒருவனுக்குக் கிடைத்த முதலாவது பொது அங்கீகாரம் அது.

அவை என்னைத் திட்டுவது, நான் அங்குள்ள ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் ஒரு காகத்தைப் பிடித்ததற்காக. பிடித்து, காலில் ஒரு சிவப்பு வளையத்தை மாட்டி, ஐந்து நிமிடத்தில் விட்டுவிட்டேன். அதற்கு இவ்வளவு தேவையில்லை என்பது என் கட்சி. திட்டப்பட வேண்டிய வேறொரு காரியத்தை அதே கட்டடத்தில் செய்தேன். அதனால் ஒரு பெண்ணுக்கு வேலை போயிற்று. அதைத் தன் கண்ணால் கண்டு, அதன் முழு அர்த்தத்தையும் விளங்கிக்கொண்ட ஒரேயொரு மனுஷி என்னை ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. இது அவரைப் பற்றியது. அவருடைய பெயரை நான் எழுதப் போவதில்லை. அவர் தன் வாழ்க்கையில் வைத்திருந்த ஒரே சட்டத்தை நான் ஏற்கெனவே ஒருமுறை மீறியவன், இன்னொருமுறை வேண்டாம்.

காலி வீதியில், ஒரு நகைக்கடைக்கும் ஒரு மருந்துக்கடைக்கும் இடையில் இருந்த ஒடுக்கமான ஸ்டூடியோ அவருடையது. கல்யாணப் படமோ பிறந்தநாள் படமோ அங்கே எடுப்பதில்லை. கடவுச்சீட்டு, விசா, அடையாள அட்டை, அவ்வளவுதான். யாழ்ப்பாணத்திலிருந்து இளம் வயதில் கொழும்புக்கு வந்தவர். நான் அறிந்தபோது ஐம்பத்தைந்து வயதிருக்கும். மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். ஒரு நாட்டுக்கு இரண்டு காதும் தெரிய வேண்டும், இன்னொரு நாட்டுக்குப் பல் தெரியக்கூடாது, வேறொன்றுக்கு முகம் சட்டத்தில் இத்தனை பங்கு நிரம்ப வேண்டும் என்பதையெல்லாம் எந்தத் தாளையும் பார்க்காமல் சொல்வார். வந்தவரை முக்காலியில் இருத்தி, நாடியை ஒரு விரலால் சற்றே உயர்த்தி, எல்லோருக்கும் ஒரே வசனத்தைச் சொல்வார்: "நேர பாருங்கோ. தலையை ஆட்டாதேங்கோ."

படத்தை வெட்டிக் கடதாசி உறையில் போட்டதும் "பேர்?" என்று கேட்டு எழுதுவார். தன் சொந்த மச்சாளிடமும் அப்படித்தான் கேட்டார், நானே பார்த்தேன். மச்சாள் கோபித்துக்கொண்டபோது, தனக்கு முகம் ஞாபகம் நிற்பதில்லை என்றார்.

அது சுத்தப் பொய். ஒரு நாள் நான் அங்கே இருந்தபோது, வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த ஒரு பெண் கடவுச்சீட்டைப் புதுப்பிக்கப் படம் எடுக்க வந்தார். கடைசியாக வந்தது பத்து வருடங்களுக்கு முன்பு என்றார். இவர் கமராவுக்குப் பின்னாலிருந்து, இடப்புருவத்தில் இருக்கிற தழும்பு அப்போது இல்லையே, விழுந்ததோ என்று கேட்டார். அந்தப் பெண் புருவத்தைத் தொட்டுப் பார்த்தார், பிறகு அழுதார். விழவில்லை போலும். அதே வாரம் ஒரு நடுத்தர வயது மனிதர் கைபேசியில் ஒருவருடைய படத்தைக் காட்டி, இந்த ஆள் இங்கே விசாப் படம் எடுக்க வந்தாரா, எந்த நாட்டுக்கு என்றாவது ஞாபகமா என்று மிகவும் மரியாதையாக விசாரித்தார். இவர் கண்ணாடியை மாட்டி, நன்றாகப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினார். "எனக்கு முகம் ஞாபகம் நிக்கிறேல்லைத் தம்பி. ஒரு நாளைக்கு எத்தினை பேர்."

மனிதர் போன பிறகு நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். அவர் கத்தரிக்கோலைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. அவர் தலையாட்டி நான் பார்த்ததில்லை. ஆமென்றால் "ஓம்" என்பார். இல்லையென்றால் "இல்லை" என்பார். நான் எதற்காவது தலையாட்டினால், அது தேநீர் வேண்டுமா என்ற கேள்விக்காக இருந்தாலும், கேத்திலைக் கையில் வைத்துக்கொண்டே காத்து நிற்பார். "வாயால சொல்லும்." அதை ஒரு பழைய ஆசிரியத்தனம் என்று நினைத்து மன்னித்து வைத்திருந்தேன். அந்த நாட்களில் நான் பலரையும் பலதுக்கும் மன்னித்து வைத்திருந்தேன்.

நான் கொட்டாஞ்சேனைக்காரன். கத்தோலிக்கக் குடும்பம்; அப்பா துறைமுகத்தில் எழுதுவினைஞர். பல்கலைக்கழகத்தில் முதுமாணி ஆய்வுக்கு விலங்குகளின் சமூக நடத்தையை எடுத்திருந்தேன். காகங்கள் மனித முகங்களைப் பிரித்தறிந்து நெடுநாள் நினைவில் வைத்திருக்கும் என்பதும், தமக்குத் தீங்கு செய்தவரைக் கண்டால் கூடிக் கத்தும் என்பதும் வேறு நாடுகளில் அறியப்பட்டவை. அதைவிட வியப்பானது, தீங்கு நடந்தபோது அங்கே இராத காகங்களும், பிறகு பிறந்த குஞ்சுகளும், மற்றவை கத்துவதைப் பார்த்து அந்த முகத்தை வெறுக்கக் கற்றுக்கொள்கின்றன என்பது. நமது ஊர்க் காகமும் அப்படியா என்று பார்ப்பதே என் வேலை. கள அனுமதி அட்டைக்குப் படம் எடுக்கத்தான் முதன்முதலில் அவருடைய முக்காலியில் உட்கார்ந்தேன். என்ன ஆராய்ச்சி என்று கேட்டார். சொன்னேன். கேட்டவர் வருந்தும் அளவுக்குச் சொன்னேன். அவர் நாலு படங்களையும் வெட்டி முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"அப்ப ஒரு காகம் போய் மற்றக் காகத்துக்கு இன்னார்தான் எண்டு காட்டிக் குடுக்குமோ?"

"அதத்தான் ஆன்ட்டி பாக்கப் போறேன்."

"பார்த்து?"

வெறுப்பு ஒரு சமூகத்தில் எப்படிப் பரவுகிறது என்பதை விளங்கிக்கொள்ள உதவும் என்றேன். அது நம்மைப் போன்ற நாட்டுக்கு மிகவும் பயன்படும் என்றும் சேர்த்துக்கொண்டேன்.

"அதைப் பார்க்கக் காகத்திட்டப் போகவேணுமே," என்றார். பிறகு, என்மேல் இரக்கப்பட்டோ என்னவோ, தன் வீட்டுக்கு ஒவ்வொரு நாளும் மத்தியானம் காகம் வரும், வேண்டுமென்றால் வந்து பாரும் என்றார்.

அவருடைய வீடு ஒழுங்கையின் நடுவில் இருந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் கடைசி மாடியில். மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டு வந்து சமைப்பார். சோறு வடித்ததும் தான் உண்ணுமுன் முதல் பிடியை எடுத்து, பருப்பும் ஒரு துளி நெய்யும் விட்டுப் பிசைந்து, பல்கனிச் சுவரில் வைத்துக் கூப்பிடுவார். இந்து வீடுகளில் சனிக்கிழமைகளில் காகத்துக்கு வைப்பது எனக்குத் தெரியும். இவர் எல்லா நாளும் வைத்தார். காகம் வந்து தொடும்வரை தானும் உண்ணமாட்டார். எனக்கு இது வாழை இலையில் வைத்துத் தரப்பட்ட ஆய்வுகூடம். என் குறிப்பேட்டில் அவரை "உணவு மூலம் ஒன்று" என்று பதிந்துகொண்டேன்.

"உணவு மூலம் இரண்டு" என்பவர் கட்டடத்தைச் சுத்தம் செய்யும் பெண். மலையகத்தைச் சேர்ந்தவர், வத்தளையில் ஓர் அறையில் தங்கி, ஆள் வழங்கும் ஒரு முகவர் மூலம் இங்கே வேலைக்கு வந்தார். நீல மேலங்கி, கையில் கறுப்புக் கயிறு. மத்தியானச் சாப்பாட்டுக்கு அவருக்கு இடமில்லை. கீழ்த்தள வரவேற்பறையில் உட்காரக்கூடாது. மின்பிறப்பாக்கி அறையில் உட்கார முடியாது. எனவே மொட்டைமாடிக்கு ஏறி, தண்ணீர்த் தாங்கியின் நிழலில் பார்சலைப் பிரிப்பார். முடிவில் ஒரு கவளத்தைக் காகங்களுக்கு எறிவார். என்னைக் கண்டால் "காக்கா தம்பி, சாப்டீங்களா?" என்று கேட்பார். நான் சமூகத்துக்காக உழைத்துக்கொண்டிருந்தபடியால் அவருடைய பெயரைக் கேட்க நேரம் கிடைக்கவில்லை.

காகத்தைப் பிடிக்கும் நாள் வந்தது. இந்த வகை வேலையில் ஒரு முறை உண்டு. பிடிப்பவர் முகமூடி அணிய வேண்டும். அப்போது காகங்களின் வெறுப்பு முகமூடியின் மேல் விழும். ஆய்வாளர் முகமூடியைக் கழற்றிவிட்டுத் தன் பாட்டில் வாழலாம். நான் புறக்கோட்டையில் ஒரு ரப்பர் முகமூடி வாங்கியிருந்தேன்: பல் விழுந்து சிரிக்கும் ஒரு கிழவர். அதைத் தலையில் இழுத்து மாட்டிக்கொண்டு, வலையோடு பல்கனிக்குப் போனேன். சமையலறையிலிருந்து அவர் என்னைக் கண்டார். சத்தம் போடவில்லை. அடுப்பை அணைத்தார், கையைத் துடைத்தார், எனக்கும் பல்கனிக் கதவுக்கும் நடுவில் வந்து நின்றார்.

"அதைக் கழட்டும்."

"ஆன்ட்டி, இது போடாட்டிக் காகம் என் மொகத்த ஞாபகம் வெச்சுக்கும். அதுக்குத்தான்."

"முகத்தை மூடிக்கொண்டு ஆரும் ஆரையும் என்ர வீட்டில பிடிக்கேலாது. பிடிக்கிறதெண்டா முகத்தைக் காட்டிப் பிடியும்."

ரப்பருக்குள் வியர்த்துக்கொண்டு, ஆய்வு முறையியலை அவருக்கு விளக்கலாமா என்று யோசித்தேன். கிழவரின் சிரிப்போடு அதைச் செய்வது எடுபடாது என்று தோன்றியது. கழற்றினேன். வெறும் முகத்தோடு வலையை விழுத்தினேன். வெறும் முகத்தோடு வளையத்தை மாட்டினேன். பிடிபட்ட காகம் எழுப்பிய ஓலத்துக்கு ஒழுங்கையின் காகங்கள் அத்தனையும் வந்து, கைப்பிடிச் சுவரிலும் கம்பியிலும் பக்கத்து வீட்டு நீர்க்குழாயிலும் அமர்ந்து என்னை ஆற அமரப் பார்த்தன. விட்ட பிறகும் போகவில்லை. அவர் உள்ளேயிருந்து தேநீர் கொண்டுவந்து தந்தார்.

"இனி உம்மை மறக்காதுகள்," என்றார். "என்னை மாதிரி இல்லை அதுகள்."

பேராசிரியரிடம் நடந்ததைச் சொன்னேன். "அப்ப இனி நீங்கதான் முகமூடி" என்றார் அவர். அப்படித்தான் நான் அந்த ஒழுங்கையில் நாள்தோறும் திட்டு வாங்கி, திட்டிய காகங்களை எண்ணி, முதுமாணியானேன்.

முகமூடி விஷயத்தில் அவருடைய கோபம் எங்கிருந்து வந்தது என்று சில வாரங்கள் கழித்து அறிந்தேன். போர்க்காலத்தில் கொழும்பில் சுற்றிவளைப்புகள் நடக்கும் என்பதும், வீடுகளிலும் லொட்ஜுகளிலும் இருந்த தமிழ் இளைஞர்களை வீதியில் வரிசையாக நிறுத்துவார்கள் என்பதும் கொட்டாஞ்சேனையில் பிறந்த எனக்கும் தெரிந்தவை. தலையைச் சாக்கால் மூடி, கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை விட்ட ஓர் ஆள் அங்கே கொண்டுவரப்படுவார். வரிசை அவர் முன்னால் நகரும். அவர் தலையை ஆட்டினால், அப்போது எதிரே நின்ற இளைஞனைக் கொண்டுபோய்விடுவார்கள். தலையாட்டி என்றே அந்த ஆளுக்குப் பெயர். ஒரு மழை மத்தியானம், ஸ்டூடியோவில் யாருமில்லாதபோது, படங்களை வெட்டிக்கொண்டே அவர் சொன்னார். தன் அண்ணாவையும் அப்படி ஒரு வரிசையில் நிறுத்தினார்கள்; ஒரு தலை ஆடியது.

"பிறகு வந்தவரோ ஆன்ட்டி?" என்று கேட்டேன், என்னையறியாமல் அவருடைய தமிழில்.

"ஓம். ரண்டு வருஷத்தால வந்தவர். இப்ப சுவிஸில பிள்ளையள் பேரப்பிள்ளையளோட இருக்கிறார். ஆனா இண்டைக்கும் கதைச்சுக்கொண்டிருக்கேக்க ஆரும் தலையை ஆட்டினா எழும்பிப் போயிடுவார்." கத்தரிக்கோல் ஒரு கோட்டை நேராக வெட்டி முடித்தது. "சாக்குக்குள்ள நிண்டது ஆரெண்டு அவருக்குத் தெரியும். கண்ணைக் கண்டு பிடிச்சிட்டார். இதுவரைக்கும் ஆருக்கும் சொன்னதில்லை."

நான் தலையாட்டப் போய், நிறுத்திக்கொண்டு, "ஓம்" என்றேன். இதை இங்கே எழுதுவது, பிறகு நடந்ததற்கு நான் அறியாமையைக் காரணம் காட்ட முடியாது என்பதற்காக.

அந்த வருடக் கடைசியில் கட்டடத்தின் குழாய்த் தண்ணீர் நாறியது. தாங்கியைத் திறந்து பார்த்தபோது ஒரு கோழி எலும்பு இருந்தது. தாங்கியின் மூடி ஒரு பக்கம் உடைந்திருந்தது. குடியிருப்பாளர் சங்கத்தின் செயலாளர், ஓய்வுபெற்ற பொறியியலாளர்; காரணங்களை விட ஆட்களை விரைவாகக் கண்டுபிடிப்பவர். மொட்டைமாடிக்கு யாரோ சாப்பாடு கொண்டுபோவதால்தான் காகங்கள் வந்து தாங்கியில் எலும்பைப் போடுகின்றன என்று முடிவுசெய்தார். சுத்தம் செய்யும் பெண்ணாக இருந்தால், முகவரிடம் சொல்லி அடுத்த திங்களிலிருந்து வேறு ஆளை எடுப்பதாகப் படிக்கட்டில் வைத்துப் பகிரங்கமாகவே சொன்னார்.

இதற்காகக் கூட்டப்பட்ட சங்கக் கூட்டத்தில் காகங்களைப் பற்றிப் பேச நானே முன்வந்தேன். பேசும்படி யாரும் என்னைக் கேட்கவில்லை. ஆய்வின் பயனை ஆய்வுக்கு இடம் தந்த மக்களுக்குத் திருப்பித் தருவது ஆய்வாளரின் கடமை என்று ஒரு கருத்தரங்கில் கேட்டிருந்தேன். காகங்கள் எலும்பை ஒழுங்கை முனையின் கோழிக்கடையிலிருந்து கொண்டுவந்து, காய்ந்திருந்தால் தண்ணீரில் ஊறப்போடும். மூடியை மாற்றினால் போதும் என்பதே நான் சொல்லப்போன செய்தி. மொட்டைமாடியில், செயலாளரின் அனுமதியோடு, காகங்களைப் படமெடுக்க ஒரு சிறு கமரா வைத்திருந்தேன். அதிலிருந்து சில படங்களைத் தெரிந்தெடுத்தேன். ஒரு படத்தில் காகங்கள் ஒரு கவளச் சோற்றைச் சண்டையில்லாமல் பகிர்ந்து உண்டன. அவற்றின் நல்லொழுக்கத்துக்கு அதைவிடச் சிறந்த சான்று கிடையாது. ஓரத்தில் நின்ற மனித முகத்தை ஆய்வு நெறிகளின்படி மிகக் கவனமாக வெட்டி அகற்றினேன். நீலச் சட்டைக் கையையும் கறுப்புக் கயிற்றையும் விட்டுவிட்டேன்.

கீழ்த்தள வரவேற்பறையில், பிளாஸ்டிக் கதிரைகளில் இருபது பேர் அளவில் இருந்தார்கள். படம் திரையில் விழுந்ததும் செயலாளர் எழுந்தார். காகங்களை அவர் பார்க்கவேயில்லை.

"இது எங்கட கிளீனர் மனுஷியின்ர கைதானே?"

முதலில் ஸ்டூடியோக்காரரான இவரைக் கேட்டார், கடைசி மாடியில் படிக்கட்டுக்கு அருகில் இருப்பவர் என்பதால். நாளாந்தம் அவருடைய கதவைத் தாண்டித்தானே மேலே ஏற வேண்டும்.

"எனக்கு முகம் ஞாபகம் நிக்கிறேல்லை," என்றார் அவர். "இதில முகமே இல்லை."

சிலர் சிரித்தார்கள். செயலாளர் என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீர் படிச்ச பிள்ளை. பொய் சொல்லமாட்டீர். அவதானே?"

நான் விளைவுகளை எடைபோடத் தொடங்கினேன். மறுத்தால் பொய், அறிவியலுக்கு அழகல்ல. மௌனமாக இருந்தால் சந்தேகம் காவலாளி மேலும் வீட்டு வேலையாட்கள் மேலும் விழும். அது பலருக்கு அநீதி. உண்மையைச் சொல்லி, கூடவே அவருக்குச் சாப்பிட இடமில்லை என்பதையும் விளக்கினால், சங்கம் ஓர் இடத்தை ஒதுக்கலாம். அது நீண்டகால நோக்கில் நன்மை. இரகசியம் காப்பதாக நான் கையொப்பம் வாங்கிய படிவங்கள் இருந்தன. ஆனால் அந்தப் பெண்ணிடம் படிவம் வாங்கியிருக்கவில்லை. ஆகவே அவர் ஆய்வில் பங்கேற்றவர் ஆவாரா? இந்த இடத்தில் நான் இருந்தபோது செயலாளர், "சரி, விளங்கிட்டுது" என்று சொல்லிக் குறிப்பெழுதினார். நான் இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருந்தேன். தலை முந்திக்கொண்டு ஆடிவிட்டது.

மூன்றாவது வரிசையில் இருந்த அவரைப் பார்த்தேன். அவர் திரையையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்து, மாட்டாமல் மடியில் வைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை வேறு பெண் வந்தாள். செவ்வாய்க்கிழமை மத்தியானம் நான் இவருடைய வீட்டுக்குப் போனேன், அங்கே விட்டிருந்த என் வலையைத் திருப்பி எடுத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்பதற்காக. ஒரு சிறிய உரை தயாரித்திருந்தேன். அவர் கதவைத் திறந்து, வாரும், இரும் என்றார். வழக்கம் போலச் சோற்றைப் பல்கனிச் சுவரில் வைத்தார். காகங்கள் வந்தன. நான் உரையின் முதல் வசனத்தைத் தொடங்கியபோது வாசல் மணி அடித்தது.

அந்தப் பெண். இவரிடம் கொடுத்து வைத்திருந்த ஒரு பையை வாங்கிப்போக வந்திருந்தார்: சாப்பாட்டுப் பெட்டி, ஒரு சோடி செருப்பு, துவாய். என்னைக் கண்டு, "காக்கா தம்பியும் இருக்கீங்களா" என்று சிரித்தார். பையை வாங்கிக்கொண்டவர் போகவில்லை.

"அக்கா, கூட்டத்துல யாரோ ஆள காட்டிட்டாங்களாமே. யாருன்னு மட்டும் சொல்லுங்க. திட்டவெல்லாம் மாட்டேன். நாளைக்கு பஸ்ஸுல பக்கத்துல வந்து ஒக்காந்தாக்கூட எனக்குத் தெரியாதுல்ல. மூஞ்சியப் பாத்து வச்சுக்கிட்டாப் போதும்."

என் கதிரையிலிருந்து அவர் நின்ற வாசலுக்கு ஆறடி இருக்கும்.

"எனக்கு முகம் ஞாபகம் நிக்கிறேல்லைப் பிள்ளை," என்றார் இவர்.

அப்போது காகங்கள் தொடங்கின. ஒன்று பல்கனிக் கம்பியில் தாவி வந்து, கண்ணாடிக் கதவின் வழியாக என்னை நேரே பார்த்துக் கத்தியது. மற்றவை சோற்றை விட்டுவிட்டு அதன் அருகில் வந்து வரிசையாக அமர்ந்தன. சாட்சிகள் இவ்வளவு ஒற்றுமையாக நின்று நான் கண்டதில்லை. அந்தப் பெண் எட்டிப் பார்த்தார். "ஐயோ, ஏன் இந்தக் காக்கா இந்தக் கத்து கத்துது?"

இவர் போய்ப் பல்கனித் திரைச்சீலையை இழுத்து மூடினார். "அதுகளுக்கு வேற வேலையில்லை," என்றார். அந்தப் பெண் விடைபெற்றுப் படியிறங்கினார்.

அறை அரையிருட்டாக இருந்தது. என் உரை இன்னும் கைவசம் இருந்தது; ஆனால் அதைக் கேட்க வேண்டியவர் இறங்கிப் போய்க்கொண்டிருந்தார். இவர் தட்டைக் கழுவப் போய்விட்டார். என்னைப் போ என்று சொல்லவில்லை; இரு என்றும் சொல்லவில்லை. காகங்கள் திரைக்கு அப்பால் கத்திக்கொண்டேயிருந்தன. எழுந்து ஓடினேன். மின்தூக்கியைக் காத்து நிற்காமல் ஏழு மாடிப் படிகளிலும் ஓடினேன். குடையை விட்டுவிட்டு வந்தது ஒழுங்கைக்குள் இறங்கிய பிறகுதான் தெரிந்தது. கம்பிக்குக் கம்பி தாவி அத்தனை காகமும் என்னோடு காலி வீதிவரை வந்தன. கடைக்காரர்கள் வெளியே வந்து பார்த்தார்கள். ஒருவர் சிங்களத்தில், தம்பி, என்ன திருடினாய் என்று கேட்டார்.

பஸ் தரிப்பிடத்தில் அந்தப் பெண் பையை மார்போடு அணைத்து நின்றார். எனக்கு மூச்சு வாங்கியது. தயாரித்த உரையில் ஒரு சொல்லும் வரவில்லை.

"அக்கா, அது நான்தான். கூட்டத்துல தலையாட்டினது."

அவர் என் பக்கம் திரும்பினார். பார்த்தார். நெற்றியிலிருந்து நாடிவரை, ஒரு படத்தைப் பார்ப்பது போல நேரம் எடுத்துப் பார்த்தார். தலைக்கு மேலே கம்பியில் காகங்கள் கத்தின. அவற்றையும் ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். புறக்கோட்டை பஸ் வந்தது.

"சரி தம்பி," என்றார். "பாத்துக்கிட்டேன்."

ஏறிப் போய்விட்டார்.

அதன் பிறகு நான் சங்கத்துக்கு இரண்டு பக்கக் கடிதம் எழுதினேன். கிடைத்ததாகப் பதில் வந்தது. இரண்டு மாதங்களில் தாங்கியில் மறுபடியும் எலும்பு விழுந்தது. புதிய பெண் மொட்டைமாடிக்கே போவதில்லை. ஆகவே மூடியை மாற்றினார்கள். பழையவரைத் திருப்பிக் கூப்பிட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. வத்தளையில் எங்கே இருக்கிறார், வேறு வேலை கிடைத்ததா என்று ஸ்டூடியோவில் இவரிடம் பலமுறை விசாரித்தேன். அவருக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். என்னிடம், எல்லோரிடமும் சொன்னதையே சொன்னார்.

என் ஆய்வேடு ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஊர்க் காகமும் முகத்தை மறப்பதில்லை. கண்டிராத காகத்துக்கும் கற்றுக்கொடுக்கிறது. முன்னுரையின் நன்றிப் பகுதியில் பேராசிரியர், துறை, பெற்றோர் எல்லோரையும் குறிப்பிட்டேன். உணவு மூலம் ஒன்றையும் இரண்டையும் அங்கே எப்படி எழுதுவது என்று ஓர் இரவு முழுக்க எடைபோட்டு, எழுதாமல் விட்டேன்.

இப்போது கொள்ளுப்பிட்டியில் ஒரு நிறுவனத்தில் வேலை செய்கிறேன். சமூக நல்லிணக்கம் பற்றியது. சென்ற வருடம் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்க விசாப் படம் தேவைப்பட்டது. கொள்ளுப்பிட்டியில் நாலு ஸ்டூடியோக்கள் இருக்கின்றன. நான் பஸ் ஏறி வெள்ளவத்தைக்குப் போனேன். அவரிடம் எதை எதிர்பார்த்துப் போனேன் என்று தெரியும்: ஒரு தரமாவது, நீரோ அது, என்று கேட்க மாட்டாரா என்று. திட்டினால் இன்னும் நல்லது.

முடி நரைத்திருந்தது. எந்த நாட்டுக்கு என்று கேட்டார். சொன்னேன். அதற்குக் கண்ணாடி கழற்ற வேண்டும், வாய் மூடியிருக்க வேண்டும் என்றார். முக்காலியில் உட்கார்ந்தேன். அதே விரல் நாடியைத் தொட்டுச் சற்றே உயர்த்தியது.

"நேர பாரும். தலையை ஆட்டாதையும்."

ஆட்டவில்லை. படத்தை வெட்டினார், நாலு மூலையும் ஒரே அளவு. உறையை எடுத்து, பேனாவின் மூடியைக் கழற்றி, என் முகத்தைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"பேர் என்ன தம்பி?"

சொன்னேன். ஒவ்வோர் எழுத்தாகக் கேட்டு எழுதினார்.

வெளியே வந்தேன். ஒழுங்கை முனைக் கம்பியில் இரண்டு காகங்கள் இருந்தன. இளசுகள், கத்தத் திறந்த வாயின் உட்புறம் இன்னும் சிவந்திருந்தது. நான் வலை வீசிய நாளில் அவை பிறந்திருக்கவே முடியாது. அவை என்னிடம் பெயர் கேட்கவில்லை.